நீச்சல் பயிற்சிச் சம்மதப் படிவம் தொடர்பாகப் பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

மதிப்புக்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

நீச்சல் பயிற்சிக்காக நாம் அனுப்பிய சம்மதப் படிவங்களுள் பெண் பிள்ளைகளுடையவை பல கையொப்பமின்றியே திரும்பி வந்துள்ளன. ஒரு தாயார் படிவத்தின் அடியில், "தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் மிஸ்" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்குப் பதிலாகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நானும் கல்லடியில் பிறந்தவள். 2004 மார்கழி 26ஆம் திகதி சுனாமியில் எங்கள் வீட்டிலும் மூவரை இழந்தோம். அதன் பின்னர் ஏழு ஆண்டுகள் என் மகளைக் கடற்கரைப் பக்கம் அழைத்துச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே, அந்தத் தாயாரின் அச்சத்தை நான் வெளியில் நின்று பார்க்கவில்லை.

நீச்சலுக்குப் பின் இப்பயிற்சியில் நாம் கற்பிக்க இருப்பது வோட்டர் போலோ எனப்படும் நீர்ப்பந்தாட்டம். அதில் தலைசிறந்தவர்களுள் ஒருவர் ஹங்கேரி நாட்டின் டெஷோ கியார்மதி. 1948 முதல் 1964 வரை தொடர்ந்து ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் பதக்கம் பெற்றார். அவற்றுள் 1952, 1956, 1964 ஆகிய ஆண்டுகளில் தங்கம். காலைத் தரையில் ஊன்றாமல், கோல் காப்பாளர் தவிர எவரும் ஒரு கையால் மட்டுமே பந்தைப் பிடிக்கக்கூடிய இவ்விளையாட்டில், இரு கைகளாலும் ஒரே வலுவுடன் எறியவும் அணியின் எந்த இடத்திலும் ஆடவும் அவரால் முடிந்தது. பின்னர் அவர் பயிற்றுவித்த ஹங்கேரி அணி 1976இல் மொன்றியலில் தங்கம் வென்றது.

மட்டக்களப்பில் ஒருவரை அறிய வேண்டுமானால் முதலில் குடி, அதாவது குலம், எதுவெனக் கேட்போம். குடியோ தாய்வழி வருவது. அந்த வழக்கப்படி கேட்டால், கியார்மதியின் வீட்டில் நாம் அறிய வேண்டியவர் அவருடைய மனைவி ஏவா செக்கேலி. யூதப் பெண் என்ற காரணத்துக்காக 1941இல் அவருடைய நீச்சல் கழகம் அவரை விலக்கியது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், புடாபெஸ்டில் சுவிஸ் பாதுகாப்பிலிருந்த ஒரு வீட்டின் இரண்டு அறைகளில் 41 பேருடன் ஒளிந்து வாழ்ந்தார். முகாம்களிலிருந்து பாடசாலைக்கு வந்தவர்கள் நம்மிடையே இருப்பதால், அந்த இரண்டு அறைகளைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. நீந்த வழியில்லாத அந்நாட்களில், உடல் தளராதிருக்க ஒவ்வொரு காலையும் ஐந்து மாடிப் படிகளை நூறு முறை ஏறி இறங்கினார். 1952இல் ஹெல்சிங்கியில் 200 மீற்றர் மார்பு நீச்சலில் தங்கம் பெற்றவர் அவரே. கணவரும் அதே ஒலிம்பிக்கில் நீர்ப்பந்தாட்டத்தில் தங்கம் பெற்றார்.

1956இல் ஹங்கேரியில் எழுச்சியும் துப்பாக்கிச் சூடும் நடந்துகொண்டிருக்க, இரண்டு வயது மகள் ஆண்ட்ரியாவை ஊரில் விட்டு இருவரும் மெல்பேர்ண் ஒலிம்பிக்குக்குச் சென்றனர். வீட்டுச் செய்தி கிடைக்காத அந்த நாட்களில் ஏவா உடல் மெலிந்தார்; ஆயினும் வெள்ளி வென்றார். கணவரின் அணி சோவியத் அணியை 4-0 என வென்று, பின் தங்கமும் பெற்றது. அந்த மகளைத் தாயே பயிற்றுவித்தார்; 1972இல் மியூனிக்கில் ஆண்ட்ரியா வெள்ளியும் வெண்கலமும் பெற்றார். அவர் மணந்தவர் 1968 ஒலிம்பிக்கில் கயாக் படகோட்டத்தில் தங்கம் வென்ற மிஹாய் ஹெஸ். அவர்களுடைய மகன் மறுபடியும் நீர்ப்பந்தாட்ட வீரர்.

உங்கள் மகள் ஒலிம்பிக் செல்ல வேண்டும் என்பதற்காக இதனை எழுதவில்லை. ஒரு பக்கம் வாவியும் மறு பக்கம் கடலும் உள்ள ஊரில் வாழும் பிள்ளைக்கு மிதக்கத் தெரியாமலிருப்பது எனக்கு உறக்கத்தைக் கெடுக்கிறது. அச்சத்தை நாம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். நீச்சலை இன்னும் கொடுக்கவில்லை.

பயிற்சி வாவியிலோ கடலிலோ அல்ல, நீச்சல் தடாகத்தில் மட்டுமே நடைபெறும். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமும் பெண் பயிற்றுநரும் உண்டு. முழுக் கை, முழுக் கால் நீச்சல் உடைக்குத் தடையில்லை. முதல் தவணை முழுவதும் மூச்சுப் பயிற்சியும் மிதத்தலும்தான். பந்தை அதன் பிறகே கையில் கொடுப்போம். கொழும்பிலும் கண்டியிலும் பாடசாலைப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தை நம்முடையவர்களும் கற்கட்டும்.

படிவங்களை வருகிற வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தாய்மார் எந்த நாளும் தடாகக் கரையில் அமர்ந்து பார்க்கலாம். அந்த வரியை எழுதிய தாயார் வருவாராயின், முதல் நாள் அவர் அருகில் நானும் அமர்ந்திருப்பேன்.

இங்ஙனம்,
அதிபர்