உன் சிடிக்களை இப்போதே எடுத்து வை

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் சௌக்கியம். தங்கச்சிக்கு முதுகுவலி தேவலையா? பெரியவளிடம் கேட்டதாகச் சொல். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததே, அதனால் வீட்டுக் கணினியை 11-க்கு ஏற்றினேன். ஏற்றிய பிறகு டிவிடி டிரைவைக் காணவில்லை. பட்டனை அழுத்தினால் தட்டு வெளியே வருகிறது, திரையில் மட்டும் டிரைவ் இல்லை. கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சு சார், இப்ப யார் சிடி போடறாங்க?" என்றார். எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும்.

பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்குமுன் வரும் அமைப்புத் திரையில், போய்ப் பார்த்தேன். டிரைவின் பெயர் பளிச்சென்று இருக்கிறது! அப்படியென்றால் கேபிள் மேல் சந்தேகப்பட வேண்டியதில்லை, டிரைவும் உயிரோடுதான் இருக்கிறது. விண்டோஸில் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் கோட் 19 என்ற பிழை எண்ணும். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அதன் விவரம் கெட்டிருக்கிறது என்று பொருள். சிடி எழுதுவதற்காக நாம் ஏற்றித் தள்ளிய மென்பொருள்கள், டிரைவை இயக்கும் டிரைவர் என்ற நிரலுக்கு மேலும் கீழும் ஆளுக்கொரு காவலாளியை உட்கார வைத்துவிடும். மென்பொருள் போனாலும் அந்தப் பதிவு போகாது. விண்டோஸ் அந்தக் காவலாளியைத் தேடும், கிடைக்கவில்லையென்றால் டிரைவையே தொடங்காது.

உனக்கும் இப்படி ஆனால் நான் செய்தபடியே செய். ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் ரெஜெடிட்டைத் திற. எச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று உள்ளே போனால் 4டி36இ965 என்று தொடங்கும் கீ இருக்கும். முதலில் அதை எக்ஸ்போர்ட் செய்து வை. பிறகு வலப்பக்கம் அந்தக் காவலாளிகளின் பதிவுகளான அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டை மட்டும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய். அங்கேயே 4டி36இ967 என்று தொடங்கும் ஒன்றும் இருக்கும், அது ஹார்ட் டிஸ்க்குக்கு. அவசரக் குடுக்கை நீ, அதில் கை வைத்துவிடாதே, கணினியே பூட் ஆகாமல் போகலாம்.

டிரைவ் வந்ததும் நம் கல்லூரி விழா சிடியைத்தான் போட்டேன். நம் நண்பன் ரசம் மேடையில் வசனத்தை மறந்து நிற்கிறான், பின்னாலிருந்து நீ கத்துகிறாய், "அடுத்த பஸ்ஸுக்கு நேரமாச்சு!" விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் பாதியில் நின்றுவிட்டது. டிரைவில் குறை இல்லை, மற்ற சிடிக்கள் ஓடுகின்றன. வீட்டில் எழுதிய சிடியில் பதிவு நிற்பது ஒரு சாயப் பூச்சில். வெயிலும் வெக்கையும் பட்டால் அது மெல்ல வெளுத்துவிடும்.

அப்பா பேசிப் பதிந்த சிடி உன்னிடம்தானே இருக்கிறது? பரணில் தகரப் பெட்டியில் வைத்ததாகச் சொன்னாய். கோடை வெக்கையில் அந்தப் பெட்டி எப்படிக் கொதிக்கும், யோசித்துப் பார். அவர் குரல் வேறெங்கும் இல்லை மாப்ளே. இன்றைக்கே இறக்கி நிழலில் வை. உன் லேப்டாப்பில் டிரைவ் கிடையாது, தெரியும். யுஎஸ்பியில் சொருகும் டிவிடி டிரைவ் ஒன்று வாங்கியிருக்கிறேன். பொங்கல் லீவில் எடுத்துக்கொண்டு வருகிறேன். இரண்டு பென் டிரைவ் வாங்கி வை, ஒரு நகல் உன் தம்பி வீட்டில் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் மச்சான்