பயிற்சி விமானி விண்ணப்பம்: "பெயர் பொருந்தவில்லை" என்று என் மகளைத் திருப்பி அனுப்பியது குறித்துப் புகார்

அனுப்புநர்:
விண்ணப்பதாரரின் தந்தை,
சுங்கை சிப்புட், பேராக்.

பெறுநர்:
தலைவர், பயிற்சி விமானி சேர்க்கைப் பிரிவு.

ஐயா / அம்மையீர்,

இதே புகாரை மலாயில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக உங்கள் இணையப் படிவத்தில் ஏற்கெனவே போட்டாயிற்று. இரண்டுக்கும் ஒரே பதில்தான் வந்தது: "உங்கள் கருத்துக்கு நன்றி, இந்த விவகாரம் முடித்து வைக்கப்பட்டது." யார் முடித்தார், எப்படி முடித்தார் என்று ஒரு வரி இல்லை. உங்கள் விமானம் திருச்சிக்கும் சென்னைக்கும் போகிறது. ஏறி உட்கார்ந்தால் தமிழில் அறிவிப்பும் போடுகிறீர்கள். அப்படியென்றால் ஆபீசில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார் என்று நம்பி இந்த முறை தமிழில் எழுதுகிறேன். ஓர் ஆள் உட்கார்ந்து படித்தால் போதும். கணினி படித்ததால் வந்த வினைதான் இவ்வளவும்.

விஷயம் இதுதான். என் மகள் உங்கள் பயிற்சி விமானித் திட்டத்துக்கு விண்ணப்பித்தாள். கட்டணம் 350 வெள்ளி (ரிங்கிட்) கட்டினோம். கணினியில் நடந்த திறன் தேர்வில் தேறிவிட்டாள் என்று நீங்களே எழுதினீர்கள். நேர்முகத்துக்கு அழைத்தீர்கள். போய் நின்றதும், பெயர் பொருந்தவில்லை என்று அறைக்குள் விடாமலே அனுப்பிவிட்டீர்கள். அடுத்த வாரம் மின்னஞ்சல்: தகுதி பெறவில்லை, பன்னிரண்டு மாதம் கழித்து மறுபடியும் விண்ணப்பிக்கலாம். அது யார் பெயருக்கு வந்தது தெரியுமா? "திரு" போட்டு என் பெயருக்கு. தோட்டத்து ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிற, ஐம்பதைத் தாண்டிய, இனிப்பு நீருக்கு மாத்திரை போடுகிற என்னை விமானியாகத் தகுதியில்லை என்று நிராகரித்திருக்கிறீர்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் மகளை எதில் ஃபெயிலாக்கினீர்கள் என்பதுதான் என் கேள்வி.

பெயர் எப்படி மாறிப் போனது என்று சொல்கிறேன். உங்கள் படிவத்தில் முதல் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். இரண்டையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? ஐசியில் (அடையாள அட்டையில்) பிள்ளையின் பெயர், ஏ/பி (இன்னாரின் மகள் என்பதற்கான மலாய்ச் சுருக்கம்), அப்பா பெயர் என்று ஒரே வரியாக இருக்கும், அவ்வளவுதான். நடுவில் இருக்கும் அந்தச் சாய்வுக் கோட்டைத் தட்டினால் உங்கள் படிவம் சிவப்பில் "செல்லாத எழுத்து" என்கிறது. என் மகள் தன் இஷ்டத்துக்கு எதையும் எழுதிவிடவில்லை. உங்கள் உதவி அரட்டையில் கேட்டாள். கோட்டை எடுத்துவிட்டு ஏபி என்று சேர்த்துப் போடுங்கள், அப்பா பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதுங்கள் என்று உங்கள் ஊழியரே பதில் தந்தார். அதன் ஸ்கிரீன்ஷாட் இணைப்பில் இருக்கிறது, தேதியும் நேரமும் தெளிவாகத் தெரியும். சொன்னபடியே செய்தாள். உங்கள் கணினியோ குடும்பப் பெயரை முன்னால் தூக்கி வைத்து, அவள் பெயரைப் பின்னால் தள்ளி, ஏபியை அவள் பெயரோடு ஒட்டி, புதிதாக ஓர் ஆளையே படைத்துவிட்டது.

நேர்முகத்துக்கு முதல் நாளே சுங்கை சிப்புட்டிலிருந்து இடிஎஸ் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து, கிள்ளானில் என் மைத்துனர் வீட்டில் தங்கி, விடிகாலையில் அவர் காரிலேயே வந்து சேர்ந்தோம். பெற்றோர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார வேண்டும் என்றார்கள், உட்கார்ந்தேன். மேசையில் இருந்த பெண் டேப்லட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் என் பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. இரண்டாவது முறையும் கூப்பிட்டார். வெளியே இருந்த நான்தான் பதறி எழுந்தேன். அதற்குள் என் மகள் புரிந்துகொண்டு கோப்பை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய்விட்டாள். அந்தப் பெண் திரையைப் பார்த்தார், எஸ்பிஎம் பள்ளித் தேர்வுச் சான்றிதழைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். மூன்றாவதாக என் மகளின் முகத்தைப் பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஐசியில் படம் இருக்கிறது. பார்க்கவில்லை. "சிஸ்டம் ஏற்றுக்கொள்ளவில்லை, நான் என்ன செய்ய" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், மாதச் சம்பளக்காரர். மேலதிகாரியைக் கூப்பிடுங்கள் என்று கேட்டபோது, அவர் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். மதியம் வரை அந்த மீட்டிங் முடியவே இல்லை.

இதில் எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. இதே மகள், இதே பெயரில், உங்கள் விமானத்திலேயே திருச்சி போய் வந்திருக்கிறாள். டிக்கெட்டில் ஏபி சேர்த்துத்தான் அச்சாகியிருந்தது. கௌண்டரில் இருந்தவர் கடவுச்சீட்டைப் புரட்டி ஒரு பார்வை பார்த்தார், போர்டிங் பாஸை நீட்டினார். கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்கென்று இரண்டு வரிகள் உண்டு, வரிக்கு 44 இடம். அதில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் ஒரு நிரப்புக் குறியும் மட்டும்தான் வரலாம் என்பது அனைத்துலக சிவில் விமான அமைப்பின் விதி. சாய்வுக் கோட்டுக்கு அங்கே இடமே கிடையாது. ஆகவே ஐசியில் கோடு இருக்கும், டிக்கெட்டில் இருக்காது என்பது விமானத் தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. காசு வாங்கிக்கொண்டு பயணியாக ஏற்றும்போது பொருந்துகிற பெயர், விமானியாகச் சேர்க்கும்போது மட்டும் ஏன் பொருந்தாமல் போகிறது?

நான் ஒரு கிராணி. செக்ரோல், அதாவது தொழிலாளர்களின் வருகை, சம்பளப் பதிவேடு எழுதுவதுதான் என் பிழைப்பு. எங்கள் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களில் இந்தோனேசியர் சிலருக்கு மொத்தப் பெயரே ஒரு சொல்தான். வங்காளதேசத்துப் பையன்கள் பலருக்கு முகமது என்பது ஒரு தாளில் முழுதாகவும் இன்னொரு தாளில் இரண்டு எழுத்தாகச் சுருங்கியும் இருக்கும். நம் பழைய ஆட்களைக் கேட்கவே வேண்டாம். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிக்கு அப்பன் பெயரை மூன்று விதமாக எழுதி வைத்திருப்பார்கள், பிறப்பைப் பதிந்தவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி. அதற்காக யாருடைய சம்பளத்தையாவது நான் நிறுத்தி வைத்தால் மறுநாள் ஆபீஸ் வாசலில் கூட்டம் நிற்கும். பெயர் இடித்தால் நம்பரைப் பார்ப்பேன். வெளிநாட்டவருக்குக் கடவுச்சீட்டு எண், உள்ளூர்க்காரருக்கு ஐசி எண். 1990 முதல் இந்த நாட்டில் ஐசி எண் பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக் என்றால் 08. கடைசி இலக்கம் பெண்ணுக்கு இரட்டைப்படை. அந்த ஓர் இலக்கத்தைப் பார்த்திருந்தால்கூட என் மகளுக்குத் "திரு" போட்டிருக்க மாட்டீர்கள். அவளுடைய ஐசி, எஸ்பிஎம் சான்றிதழ், கடவுச்சீட்டு, மருத்துவ அறிக்கை, உங்கள் விண்ணப்பப் படிவம் எல்லாவற்றிலும் அந்தப் பன்னிரண்டு இலக்கமும் அச்சு மாறாமல் இருக்கிறது. நீங்கள் அதைக் கேட்டு வாங்கியும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

350 வெள்ளிக்கா இவ்வளவு என்று நினைப்பீர்கள். நேர்முகத்துக்கு வரும்போதே முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழோடு (விமானி வேலைக்கான உடல்தகுதிச் சான்று) வர வேண்டும் என்பது உங்கள் நிபந்தனை. அது எங்கள் ஊர் கிளினிக்கில் எடுக்கிற காரியமில்லை. சிவில் விமான ஆணையம் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் போக வேண்டும். இருதயப் படம், ரத்தம், சிறுநீர், காது கேட்கும் சோதனை, நிறப் புள்ளிகளுக்கு நடுவே எண்ணைக் கண்டுபிடிக்கும் சோதனை எல்லாம் முடிய எண்ணூறு வெள்ளியை நெருங்கிவிட்டது. (கண்ணாடி போட்டால் விமானியாக முடியாது என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் அடித்துச் சொன்னார்கள். அனைத்துலக விதிப்படி கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/9 பார்வையும், இரு கண்ணும் சேர்ந்து 6/6 பார்வையும் இருந்தால் போதும். இதைப் படிக்கிற வேறு பெற்றோருக்கு உதவட்டும் என்று சொல்லி வைக்கிறேன்.) அந்தச் சான்றிதழ் நாற்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் செல்லும். நீங்கள் காத்திருக்கச் சொல்வதும் பன்னிரண்டு மாதம். ஆக, அடுத்த முறை வரும்போது அது வெறும் தாள். மறுபடியும் எண்ணூறு, மறுபடியும் 350.

வேறு வழி இருந்தால் உங்களிடம் இப்படி மன்றாடிக்கொண்டிருக்க மாட்டேன். சொந்தக் காசில் பறக்கும் பள்ளியில் சேர்ந்து வணிக விமானி உரிமம் எடுப்பதென்றால் மூன்று இலட்சம் வெள்ளிக்கு மேல் ஆகும். என் இபிஎஃப் சேமநிதியை முழுதாகத் துடைத்தாலும் கால்வாசி தேறாது. பயிற்சிச் செலவை நிறுவனம் முதலில் போட்டு, பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் உங்கள் திட்டம் ஒன்றுதான் எங்களைப் போன்றவர்களுக்குக் கதவு. அதற்கும் இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும் என்றீர்கள், குறிப்பிட்ட வருமானத்துக்கு மேல் சம்பளச் சீட்டு உள்ளவர்களாக. தோட்டப்புற ஊரில் அப்படி இரண்டு பேரைப் பிடிப்பது என்ன லேசு என்று நினைத்தீர்களா? கார் வாங்க ஜாமீன் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் இங்கே தெருவுக்கு ஒருவர். ஜாமீன் என்ற சொல்லை எடுத்தாலே காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார்கள். நல்ல வேளையாக அவளுக்குத் தமிழ்ப்பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர், "நம்ம பிள்ளை, நான் போடாமல் யார் போடுவது" என்று சம்பளச் சீட்டை நகலெடுத்துத் தந்தார். மைத்துனர் இரண்டாமவர். இப்போது அந்த ஆசிரியர் கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம் "பிள்ளை எப்போம்மா பறக்கப் போகுது" என்று கேட்கிறார். என் மகள் சந்தைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். இதற்கெல்லாம் உங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது, தெரியும்.

இனி, எனக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நடந்து முடிந்த திறன் தேர்வு மதிப்பெண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அவளுடைய மருத்துவச் சான்றிதழ் காலாவதியாகும் முன் நேர்முகத்துக்கு ஒரு தேதி கொடுங்கள். சலுகை எதுவும் கேட்கவில்லை. நேர்முகத்தில் கேள்வி கேட்டு, பதில் சரியில்லை என்று அனுப்பினால் வாயை மூடிக்கொண்டு அழைத்து வந்துவிடுவேன். பன்னிரண்டு மாதத் தடையை எழுத்தில் நீக்குங்கள். தேறாதவர்களுக்குத்தானே அந்தத் தடை? நீங்கள் அவளைச் சோதிக்கவே இல்லையே. இது முடியாதென்றால் 350 வெள்ளியையும் மருத்துவச் செலவையும் திருப்பித் தாருங்கள், ரசீதுகள் இணைப்பில் உள்ளன. அதோடு அந்தப் படிவத்தையும் சரிசெய்யுங்கள். ஐசி எண்ணை வைத்து ஒப்பிட ஒரு கணினிப் பொறியாளருக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அன்று அந்த மண்டபத்தில் சாய்வுக் கோடு உள்ள பெயரோடு என் மகள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. அவளுடைய இருதயப் படமும் ரத்த அறிக்கையும் உங்களிடம் இருக்கின்றன. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, உடல்நலத் தகவலைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய தரவாகக் கருதுகிறது. அவளைப் பற்றி என்னென்ன தகவல் வைத்திருக்கிறீர்கள், யார் பெயரில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு அவள் கையெழுத்திட்ட தனிக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். அதற்கு 21 நாளுக்குள் பதில் தரச் சட்டம் சொல்கிறது. அவளுடைய ரத்த அறிக்கை என் பெயரில் கிடந்தால் என் டாக்டருக்கே குழப்பமாகிவிடும்.

பதில் வராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு போடுவேன். பதிவுக் கட்டணம் ஐந்து வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே எடுத்துக்கொள்வார்கள். வழக்கறிஞர் வைக்க முடியாது. உங்கள் சார்பில் முழுநேரச் சம்பளம் வாங்கும் ஊழியர் ஒருவர்தான் வந்து என் எதிரில் உட்கார வேண்டும். அன்று மீட்டிங்கில் இருந்த மேலதிகாரியை அனுப்பினால் நல்லது. படிவம் எழுதுவதில் எனக்கு யாரும் உதவி செய்ய வேண்டியதில்லை.

பதிலை மின்னஞ்சலில் அனுப்பலாம், தபாலிலும் அனுப்பலாம். கையெழுத்தும் பதவியும் உள்ள ஒரு மனிதரிடமிருந்து வர வேண்டும். தொலைபேசியில் அழைப்பதானால் மாலை ஐந்துக்கு மேல் அழையுங்கள், பகலில் தோட்டத்துக்குள் லைன் கிடைப்பதில்லை. விண்ணப்பம் பற்றிய கடிதத்தை என் மகளின் பெயருக்கே போடுங்கள். ஐசியில் எப்படி இருக்கிறதோ அப்படியே, கோட்டோடு.

இணைப்பு: ஐசி நகல், எஸ்பிஎம் சான்றிதழ் நகல், உதவி அரட்டையின் ஸ்கிரீன்ஷாட், கட்டண ரசீது, மருத்துவ ரசீது, திருச்சி பயணத்தின் டிக்கெட், "திரு" என்று எனக்கு வந்த நிராகரிப்பு மின்னஞ்சல், தரவு கோரும் கடிதம்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரரின் தந்தை
(விண்ணப்பதாரரும் படித்துப் பார்த்துக் கீழே கையொப்பமிட்டுள்ளார்)