மோட்டார்ஹோம் பேட்டரிக் கோளாறு, டெபாசிட் பிடித்தம் குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோமின் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) பேட்டரிக் கோளாறு, டெபாசிட்டில் பிடித்த 385 ஆஸ்திரேலிய டாலரைத் திரும்பக் கோருதல்

ஐயா / அம்மா,

வண்டியை முன்பதிவு செய்தபோதே எங்கள் பயணத் திட்டத்தை உங்களுக்கு அனுப்பியிருந்தோம். தேசியப் பூங்காக்களுக்குள் தங்கி விலங்குகளைப் பார்க்கத்தான் வருகிறோம், பல இடங்களில் மின் இணைப்பு இருக்காது என்றும் சொல்லியிருந்தோம். டெவன்போர்ட்டில் சாவியைக் கொடுத்தவர், ஃபிரிட்ஜ், ஹீட்டருக்கான பேட்டரியைக் காட்டி, "உள்ளே இருக்கும் பேட்டரி தாராளமாக இரண்டு நாள் தாங்கும்" என்றார். ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை.

தீவின் வடகிழக்கு மூலையில் உள்ள மவுண்ட் வில்லியம் பூங்காவில்தான் அதன் வண்டவாளம் தெரிந்தது. அங்கே மின்சாரமும் இல்லை, குடிநீரும் இல்லை. எல்லாவற்றையும் நாமே கொண்டுபோக வேண்டும். போகும் வழியிலுள்ள சரளைச் சாலைக்கு உங்கள் அலுவலகத்தில் அனுமதி வாங்கித்தான் போனோம். நாள் முழுக்க ஓடிவந்த வண்டியை நிறுத்தியபோது பேட்டரி 12.7 வோல்ட், அதாவது முழு சார்ஜ், காட்டியது. இருட்டுவதற்குள் அது 11க்குக் கீழே இறங்கி, ஃபிரிட்ஜ் 'டக்' என்று நின்றுவிட்டது. சரி, ஹீட்டராவது எரியட்டும் என்று போட்டால், விசிறி நாலு சுற்று சுற்றிவிட்டு அதுவும் அணைந்தது. வெளியே ஃபாரெஸ்டர் கங்காருக்கள் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. 1973இல் அந்தப் பூங்காவை அமைத்ததே அவற்றைக் காப்பாற்றத்தான். நாங்களோ டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஃபியூஸ் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தோம்.

சிக்னல் கிடைத்த இடத்துக்கு நடந்துபோய் உங்கள் உதவி எண்ணை அழைத்தோம். "ஒரு மணி நேரம் வண்டியை ஓட்டிவிட்டு வாருங்கள், சார்ஜ் ஏறிவிடும்" என்றார் பேசியவர். அதுவும் நன்றாக இருட்டிய பிறகு! அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும்வரை ஓட்டக் கூடாது, மீறினால் காப்பீடு செல்லாது என்று உங்கள் ஒப்பந்தத்திலேயே தடித்த எழுத்தில் இருக்கிறதே. அந்த விதி ஏன் என்பது காலையில் அந்தச் சாலைகளில் போனாலே தெரியும். இரவில் அடிபட்ட வாலபி, பாடிமெலன் என்ற சிறிய கங்காரு இன விலங்குகள் ஓரத்தில் கிடக்கும். அவற்றைத் தின்ன வரும் டாஸ்மேனியன் டெவில் என்ற ஊனுண்ணியும் அடுத்து வரும் வண்டியில் அடிபடுகிறது. 1996இல் முதன்முதலில் கண்டறியப்பட்ட முகக் கட்டி நோயால் ஏற்கெனவே எண்ணிக்கை சரிந்துபோன விலங்கு அது. அதைப் பார்க்க வந்தவர்களிடமே இப்படிச் சொல்லலாமா? நாங்கள் வண்டியை எடுக்கவில்லை. குளிரில் சுருண்டு கிடந்தோம். ஃபிரிட்ஜில் இருந்த பாலும் இறைச்சியும் குப்பைக்குப் போயின.

மறுநாள் செயின்ட் ஹெலன்ஸில் ஒரு வாகன எலக்ட்ரீஷியனிடம் காட்டினோம். பேட்டரி பழசாகிவிட்டது, சார்ஜ் நிற்காது என்று எழுதிக் கொடுத்தார். மாற்று வண்டி கேட்டதற்கு 'இப்போது இல்லை' என்ற பதில்தான் வந்தது. அப்புறம் மின் இணைப்பு தேடிக் கேரவன் பார்க்குகளிலேயே மீதி இரவுகளைக் கழித்தோம். ஃபிரெய்சினெட் தேசியப் பூங்காவில் பதிவுசெய்த இடமும் போயிற்று. மரியா தீவு மட்டும் தப்பியது. வாம்பட் என்ற குட்டைக்கால் விலங்குகள் பக்கத்திலேயே மேய்வதை அங்கேதான் நிம்மதியாகப் பார்த்தோம். டிரையபன்னாவில் உங்கள் வண்டியை விட்டுவிட்டுப் படகில் போகும் இடமல்லவா!

இவ்வளவுக்கும் பிறகு, பேட்டரியை முழுக்கக் காலி செய்து பழுதாக்கிவிட்டோம் என்று டெபாசிட்டில் 385 டாலரைப் பிடித்திருக்கிறீர்கள். இதைத்தான் பொறுக்க முடியவில்லை. என்ன தேவைக்கு என்று சொல்லி வாடகைக்கு எடுத்தோமோ, அந்தத் தேவைக்கு வண்டி உதவ வேண்டும் என்பது ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம். எனவே அந்த 385 டாலரையும், கேரவன் பார்க் கட்டணங்களையும், கோளாறான நாள்களுக்குரிய வாடகையில் பாதியையும் திருப்பித் தர வேண்டும். அந்த வண்டியை பேட்டரி மாற்றாமல் அடுத்தவரிடம் கொடுக்காதீர்கள். இரவில் ஓட்டச் சொல்லும் ஆலோசனையை உங்கள் உதவி எண்ணில் இனி யாரும் தரக் கூடாது.

எலக்ட்ரீஷியனின் அறிக்கை, வோல்ட் அளவின் படங்கள், ரசீதுகள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். 14 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், டாஸ்மேனிய அரசின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுப்பேன்.

இப்படிக்கு,
வண்டியை முன்பதிவு செய்த வாடிக்கையாளர்