கதிர்காமப் பாதையில் யானைக்குப் பழம் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கதிர்காமப் பாதயாத்திரை என்றதும் பத்திரிகைகளில் வருவது யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் புறப்பட்டு, கிழக்குக் கரையோரமாக உகந்தைக்கு வந்து, குமண, யால காடுகளைக் கடந்து போகும் பாதைதான். மாதக்கணக்கில் நடக்கும் அந்தச் சாமிமாரைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் மலையகத்திலிருந்தும் நாங்கள் நடக்கிறோம். எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கி, புத்தல வழியாகப் போகும் பாதை எங்களுடையது. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்திலேயே தோட்டத்துச் சனம் கதிர்காமத்துக்கு நடந்திருக்கிறது. யாத்திரிகர்களால் கொலரா பரவுகிறது என்று வெள்ளைக்கார அரசாங்கம் கட்டுப்பாடு போட்டதும் அந்தக் காலத்தில்தான்.

நாங்கள் ஒரே தோட்டப் பாடசாலையில் படித்த கூட்டாளிகள். இன்று ஒருவர் கொழும்பில் கடையில் நிற்கிறார், ஒருவர் படிப்பிக்கிறார், இரண்டு பேர் இன்னும் கொழுந்து மலையில்தான். ஆளுக்கொரு பக்கம் போய்விட்ட எங்களை ஒன்றுசேர்ப்பது இந்த நடைதான். நடக்கத் தொடங்கிவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது, எல்லோரும் சாமிதான். எல்லவில் போட்டிருந்த சுவெட்டர், ராவணா எல்ல அருவியைத் தாண்டும்போது பைக்குள் போய்விடும். இறக்கம்தானே என்று நினைப்பவர்களுக்கு வெல்லவாய வந்து சேரும்போது முழங்கால் பதில் சொல்லும். அப்புறம் சமவெளி, வெயில், பெல்வத்த பக்கம் கரும்பு. வழியில் சிங்களக் கிராமத்துச் சனம் வாசலில் நின்று கூப்பிட்டுத் தண்ணீர் தருவார்கள். அவர்களைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம்.

நான் எழுத வந்தது புத்தலைக்கு அப்புறம் உள்ள பாதையைப் பற்றி. கல்கே வழியாகக் கதிர்காமம் போகும் அந்தத் தெரு யால காட்டை ஒட்டியது. யானைகள் தெருவோரத்தில் நிற்கும். அது அவற்றின் இடம், நிற்கட்டும். ஆனால் இப்போது சில யானைகள் நிற்பது மேய்வதற்கு அல்ல. வாகனத்தை மறிக்கின்றன, ஜன்னலுக்குள் தும்பிக்கையை விட்டுத் தேடுகின்றன. பழக்கியது யார்? கோயிலுக்குப் போகும் நாங்கள்தான், வேறு யாருமில்லை. பூசைத் தட்டுக்கு வாங்கிய வாழைப்பழத்தையும் மாம்பழத்தையும் வேனை நிறுத்தி நீட்டுகிறோம், பிள்ளைகளை ஜன்னலோரம் தூக்கிக் காட்டுகிறோம், போனில் படம் பிடிக்கிறோம்.

கேட்டால், "பிள்ளையாருக்குத்தானே குடுக்கிறோம்" என்பார்கள். அந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் தெரியும். வள்ளியம்மையை மிரட்ட அண்ணன் யானையாக வந்த கதை நடந்த மண் இது, செல்லக்கதிர்காமத்தில் பிள்ளையாரைக் கும்பிடாமல் யார் திரும்புகிறோம்? அந்தப் பக்தியை நான் குறைசொல்லவில்லை. ஆனால் பிள்ளையாருக்குக் கொடுப்பதைப் பிள்ளையார் கோயிலில் கொடுங்கள்.

வேனில் இருப்பவர்களுக்குக் கண்ணாடியும் கதவும் உண்டு. பின்னால் நடந்து வருகிறவர்களுக்கு என்ன இருக்கிறது? எங்கள் கையிலும் அதே மாதிரிப் பைதான். பை என்றால் பழம் என்று பழகிய யானைக்கு, அதில் மாற்றுத் துணி இருக்கிறது என்று எப்படித் தெரியும்? எங்களுக்கு முன்னால் போன ஒரு வேன் அப்படிப் பழம் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. யானை நடுத்தெருவில் எங்களைப் பார்த்தபடி நின்றது. புத்தலைப் பக்கமிருந்து வந்த ஒரு லொறிக்காரர் எங்களையெல்லாம் பின்னால் ஏற்றிக்கொண்ட பிறகுதான் அந்த இடத்தைத் தாண்டினோம். எங்களில் ஒரு அக்கா நேர்த்திக்காகச் செருப்பில்லாமல் நடந்து வந்தவர். வண்டியில் ஏறிவிட்டேனே என்று கதிர்காமம் போகும்வரை அழுதார்.

அந்தத் தெருவோரத்து யானை லத்தியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். நார்களுக்கு நடுவில் கறுப்புப் பொலித்தீன் சொப்பிங் பைத் துண்டுகள் அப்படியே கிடக்கின்றன. முடிச்சை அவிழ்க்கக்கூடப் பொறுமையில்லாமல் பையோடு எறிகிறார்கள். வெளியே வந்ததைத்தான் நாங்கள் பார்க்கிறோம், வயிற்றுக்குள் தங்கிவிட்டது எவ்வளவோ.

வனஜீவராசிகள் திணைக்களம் சொல்லாமல் இல்லை. ஆனால் திணைக்களத்தின் அறிவித்தலைவிட எங்கள் சனத்துக்குக் கோயில் மைக்கில் சொன்னால்தான் ஏறும். ஆடி உற்சவத்துக்கு வேன் பிடித்து ஆட்களை ஏற்றி அனுப்பும் தோட்டத்து மாரியம்மன், முருகன் கோயில் பரிபாலன சபையினர், புறப்படும் அன்று பூசை முடிந்ததும் இதை ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும். சாரதிமாரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், வேனை நிறுத்துவதும் நிறுத்தாததும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. காட்டுக்குள் நுழையும் முன்பு தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் பலகைகள் வேண்டும். உற்சவ நாட்களில் நடந்து வருபவர்களைக் கூட்டமாகச் சேர்த்து, பகல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் ஒரு வாகனத்தோடு அனுப்பினால் இன்னும் நல்லது.

கொடியேற்றத்துக்கு முந்திய வாரங்களில் உங்கள் பத்திரிகையில் இதையே கட்டம் கட்டி ஓர் அறிவித்தலாகப் போட முடியுமா? அதை வெட்டியெடுத்து எங்கள் பக்கத்து வேன் தரிப்பிடத்தில் ஒட்டுகிற வேலையை நாங்கள் கூட்டாளிகள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பண்டாரவளை