பயிற்சியாளரை மாற்றினால் கிளப் திருந்திவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தைத் தவறாமல் படித்துவரும் ஓசூர் வாசகன் நான். மோட்டார் சைக்கிள் பந்தயத்தையும் கால்பந்தையும் பற்றி எங்கள் ஊரில் நடக்கும் பேச்சில் கால்பந்து கிளப் தோற்றால் பயிற்சியாளரை மட்டுமே பழிக்கும், நெடுநாளாக என்னை உறுத்திவரும் ஒரு குறையையும், அதைப் போக்க விளையாட்டுப் பக்கம் செய்யக்கூடியதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இக்கடிதம்.

ஓசூர் வண்டி செய்யும் ஊர். 1982-இல் தொடங்கிய டிவிஎஸ் ரேசிங் அணியின் கதையும், பிஎம்டபிள்யூவின் 310 சிசி வண்டிகள் இங்கே தயாராகிப் பல நாடுகளுக்குப் போன கதையும் இங்குள்ள இளைஞர்களுக்கு வீட்டுக் கதை போன்றவை. ஐரோப்பாவில் நடக்கும், மோட்டார் சைக்கிள் உலகப் பட்டத்துக்கான மோட்டோ ஜிபி பந்தயங்கள் பெரும்பாலும் நம் நேரப்படி ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்குத் தொடங்குகின்றன. அன்றிரவே இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக் ஆட்டமும் வந்துவிடும். எனவே திங்கட்கிழமை காலை முதல் ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பேருந்தில் இரண்டையும் சேர்த்தே அலசுவார்கள்.

அந்த அலசலின் தரத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் தாய்லாந்தின் புரிராமில் நடந்த பந்தயத்தில் முன்னணியில் இருந்த ஸ்பெயின் வீரர் மார்க் மார்க்வெஸ் திடீரென வேகத்தைக் குறைத்துத் தம்பி அலெக்ஸை முன்னே போகவிட்டார். உடலுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றும், வண்டியில் கோளாறு என்றும் பலர் பேசிக்கொண்டிருந்தபோது, டயர் கடை வைத்திருக்கும் ஒருவர் காரணத்தை நிதானமாக விளக்கினார். தனியாக முன்னே போகும் வண்டியின் முன்சக்கரத்தில் குளிர்ந்த காற்று நேராக அடிப்பதால் டயர் சூடு குறைந்து காற்றழுத்தமும் இறங்கும். விதித்த அளவுக்குக் கீழே அழுத்தம் போனால் பந்தய நேரத்தோடு 16 வினாடி கூட்டப்படும். அதைத் தவிர்க்கத்தான் இன்னொரு வண்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டு, அதன் வெப்பக்காற்றில் டயரைச் சூடேற்றிக்கொண்டு, கடைசிச் சுற்றுகளில் மீண்டும் முந்தி வென்றார் என்று, டீக்கடைப் பலகையில் விரலால் வளைவை வரைந்தே காட்டினார். இதைச் சொல்ல அவருக்குப் பொறியியல் பட்டம் தேவைப்படவில்லை. கையால் தொட்டுப் பழகிய பொருளைப் பற்றி அவர் பேசினார், அவ்வளவே.

ஆனால் பேச்சு கால்பந்துக்குத் திரும்பியதும் இந்த நிதானம் காணாமல் போய்விடுகிறது. மான்செஸ்டர் யுனைடெட் தோற்றால் கோச்சைத் தூக்கு, ஆர்சனல் தோற்றால் கோச்சைத் தூக்கு, பெங்களூரு எஃப்சி தோற்றாலும் கோச்சைத் தூக்கு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பைக் பந்தயத்தில் வீரர் பின்தங்கினால் எஞ்சின், டயர், சேஸிஸ், பொறியாளர், தொழிற்சாலை என்று ஐந்தாறு இடங்களில் காரணம் தேடும் அதே நண்பர்கள், கால்பந்தில் மட்டும் மைதான ஓரத்தில் நிற்கும் ஒரு மனிதரோடு தேடலை நிறுத்திக்கொள்வது ஏன் என்பதே என் கேள்வி.

2013-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் மோட்டோ ஜிபியில் இத்தாலிய நிறுவனமான டுகாட்டியின் வண்டியை ஓட்டியவர் வேலன்டினோ ரோஸி. ஒன்பது உலகப் பட்டங்கள் வென்ற அவரால் அந்த வண்டியில் ஒரு பந்தயத்தில்கூட வெல்ல முடியவில்லை. குறை வீரரிடம் இல்லை என்பது அத்தோடு தெளிவாகிவிட்டது. 2013-இன் இறுதியில் டுகாட்டி, போட்டி நிறுவனமான அப்ரிலியாவிலிருந்து ஜிஜி டால்இக்னா என்ற பொறியாளரை அழைத்து வந்து பந்தயப் பிரிவு முழுவதையும் அவர் கையில் கொடுத்தது. உடனே வெற்றி வந்துவிடவில்லை. அவர் வந்தபின் முதல் வெற்றிக்கே 2016 ஆஸ்திரியா பந்தயம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2017, 2018, 2019 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து டுகாட்டி வீரர் டோவிசியோசோ உலகப் பட்டப் போட்டியில் இரண்டாமிடத்தோடு நின்றார். அப்போதும் டால்இக்னாவை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வீரர்கள் வந்தார்கள், போனார்கள். வண்டியை வளர்த்தெடுக்கும் வேலை மட்டும் ஒரே கையில் தொடர்ந்தது. 2022-இல் பன்யாயா 91 புள்ளி பின்தங்கிய நிலையிலிருந்து எழுந்து வந்து பட்டம் வென்றார். 2023-இல் மீண்டும் அவரே வென்றார். 2024-இல் மார்ட்டின், 2025-இல் மார்க்வெஸ் என்று வெவ்வேறு வீரர்கள் அதே டுகாட்டி வண்டியில் உலகப் பட்டத்தைப் பெற்றார்கள்.

அதே 2013-இல்தான், 1986 முதல் மான்செஸ்டர் யுனைடெட்டைக் கட்டிக்காத்த சர் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்த டேவிட் மோயஸுக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்துவிட்டுப் பத்தாவது மாதத்திலேயே நீக்கினார்கள். அடுத்து வந்த பயிற்சியாளர் வான் கால் 2016-இல் எஃப்ஏ கோப்பையை வென்றுகொடுத்த இரண்டாம் நாளே வேலையை இழந்தார். ஐரோப்பா லீக்கை வென்ற மொரின்யோ 2018 டிசம்பரில் போனார். பின்னர் சோல்ஷயர் போனார். எரிக் டென் ஹாக்குக்கு 2024 ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டித்த நிர்வாகமே அக்டோபரில் அவரை அனுப்பியது. இதற்கிடையில், அணிக்கு ஆள் எடுக்கும் பொறுப்போடு அதே ஜூலையில் வந்த விளையாட்டு இயக்குநர் டேன் ஆஷ்வொர்த்தும் டிசம்பரில் விலகினார். ஒவ்வொரு பயிற்சியாளரும் தன் ஆட்டமுறைக்கு ஏற்ற ஆட்டக்காரர்களைக் கேட்க, அடுத்து வந்தவர் அவர்களில் பாதிப்பேர் தேவையில்லை என்று சொல்ல, பணமும் காலமும் கரைந்தன. 2024-25 பருவத்தில் அந்தக் கிளப் பிரீமியர் லீகில் 15-ஆம் இடத்தில் வந்து நின்றது. 2005-இல் கிளேஸர் குடும்பம் கிளப்பை வாங்கியபோது அதற்காகப் பெற்ற கடனின் பெரும்பகுதியைக் கிளப்பின் தலையிலேயே ஏற்றியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் காரணம் கோச் ஒருவர்தான் என்று எப்படிச் சொல்ல முடியும்?

பயிற்சியாளரை மாற்றியதும் பலன் கிடைத்ததே இல்லையா என்று நண்பர்கள் கேட்பார்கள். கிடைத்திருக்கிறது. 2021 ஜனவரியில் பயிற்சியாளர் லம்பார்டை நீக்கிவிட்டு டூகலைக் கொண்டுவந்த செல்சி, அவ்வாண்டு மே மாதமே ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீகை வென்றது. ஆனால் அதே டூகலையும் 2022 செப்டம்பரில் அனுப்பிவிட்டது. அதன் பின் அந்தக் கிளப் பட்ட பாட்டை அதன் ரசிகர்களே சொல்வார்கள். லிவர்பூல் வேறு வழியில் போனது. 2015 அக்டோபரில் வந்த பயிற்சியாளர் கிளாப், முதல் பருவத்தில் எட்டாம் இடத்தையே பெற்றார். அவரையும், ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் பிரிவையும் நிர்வாகம் பொறுமையாக நம்பியது. 30 ஆண்டுகளுக்குப் பிறகு 2020-இல் லீக் பட்டம் அங்கே திரும்பியது.

வெளிநாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஓசூரில் சென்னையின் எஃப்சிக்கும் ஆளுண்டு, பெங்களூரு எஃப்சிக்கும் ஆளுண்டு. 2018 மார்ச்சில் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்த ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதியாட்டத்தில் சென்னை 3-2 என வென்ற கதையைச் சொல்லி எங்கள் ஊரில் இன்றும் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட சென்னையின் எஃப்சி 2025 ஆகஸ்டில் கிளப் பணிகளை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. பெங்களூரு எஃப்சி முதல் அணியின் சம்பளத்தை நிறுத்திவைத்தது. எந்தப் பயிற்சியாளரும் இதற்குக் காரணமில்லை. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கும் லீகை நடத்திவந்த நிறுவனத்துக்கும் 2010-இல் ஏற்பட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் முடியும் தறுவாயில், அடுத்து என்ன என்பதை யாரும் உரிய காலத்தில் முடிவு செய்யாததே காரணம். அந்த வாரங்களில் எங்கள் ஊர்ப் பேச்சில் கோபம் நிறைய இருந்தது. ஆனால் ஒப்பந்தம் என்ன சொல்கிறது, ஒளிபரப்புப் பணம் யாருக்குப் போகிறது, கிளப் எதை நம்பிச் சம்பளம் கொடுக்கிறது என்ற விவரம் ஒருவரிடமும் இல்லை. தமிழில் படிக்கக் கிடைக்காததால்தான் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆசிரியர் அவர்களிடம் நான் வேண்டுவது இதுவே. டயர் அழுத்தத்தின் நுணுக்கத்தைப் புரிந்துகொள்ளும் வாசகர்களுக்கு ஒரு கிளப்பின் வரவு செலவும் புரியும். கோல் எண்ணிக்கையையும் புள்ளிப் பட்டியலையும் எங்கள் கைப்பேசி உடனே காட்டிவிடுகிறது. நாளிதழிடம் நாங்கள் எதிர்பார்ப்பது அதற்குப் பின்னால் இருப்பதை: ஒரு கிளப்பின் உரிமையாளர் யார், ஆட்டக்காரரை வாங்கும் முடிவை எடுப்பது பயிற்சியாளரா இயக்குநரா, கடன் எவ்வளவு, மோட்டோ ஜிபியில் பின்தங்கிய ஹோண்டாவுக்கும் யமஹாவுக்கும் 2024 முதல் கூடுதல் சோதனை ஓட்டங்களை அனுமதித்த விதி எப்படிச் செயல்படுகிறது என்பன போன்றவற்றை. வாரத்தில் ஒருநாள் அரைப் பக்கம் ஒதுக்கினாலும் போதும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலும் கோவை காரி ஸ்பீட்வேயிலும் நடக்கும் தேசியப் பந்தயங்களில் நம் மாநில இளைஞர்கள் ஓட்டுகிறார்கள். அவற்றின் முடிவுகள் சென்னைப் பதிப்பில் வந்தாலும், எங்கள் கையில் கிடைக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பதிப்பில் பல நேரம் விடுபட்டுப் போகின்றன. வண்டி செய்யும் ஊரில் வாழும் வாசகர்களுக்கு அந்தச் செய்தியும் வர ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகன்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.