மகனுக்கு, ஒரு பாடத்தைத் திருத்தித் தரக் கேட்டு

பெகு, பர்மா,
ஆடி மாதம்.

அன்பு மகனுக்கு,

அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் தங்கையும் நலம். நீயும் நலம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். நீ இருக்கும் பாகாண்ட் சுரங்கப் பக்கம் தொலைபேசி எடுபடுவதில்லை என்பது தெரிந்ததுதான். ஆகையால் மொகாங் வரை லாரியில் போகிறவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். குறை சொல்வதற்காக எழுதவில்லை. கோயில் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு பாடம் எழுதியிருக்கிறேன். அதை நீ படித்துப் பிழை திருத்தித் தர வேண்டும், அவ்வளவுதான்.

பங்குனியில் மண் ஆடியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள் தேவாரத்தில் மனம் வைப்பதில்லை. பூமி ஏன் ஆடியது, மறுபடியும் ஆடுமா, ஆடினால் நம் கோபுரம் நிற்குமா என்பதே பேச்சு. ஆதிசேஷன் தலை மாற்றிக்கொள்கிறான் என்று என் பாட்டி சொன்னதை நானும் சொல்லி வைத்தேன். ஏழாவது படிக்கும் ஒருத்தி எழுந்து, "அண்ணன் அப்படிச் சொல்ல மாட்டாரே, சயாமா" என்று டீச்சரான என்னிடமே சொன்னாள். அண்ணன் என்று அவள் சொன்னது உன்னைத்தான். கல்லூரி விடுமுறையில் வந்தபோது பொட்டலம் பொட்டலமாகக் கல் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் அவர்கள் கையில் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னாயே, அதை அவர்கள் மறக்கவில்லை. வகுப்பிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து உன் தகரப் பெட்டியைத் திறந்தேன். நீ வெறுப்பாய் என்று தெரியும். ஆனாலும் திறந்தேன்.

பாதி பர்மிய மொழியிலும் பாதி ஆங்கிலத்திலும் நீ எழுதி வைத்திருந்த குறிப்புகளைத் தமிழாக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. படிக்கப் படிக்க வெட்கமாகவும் இருந்தது. மேலோட்டுக்குக் கீழே எல்லாமே கொதிக்கும் குழம்பு என்று முப்பத்தொரு வருடம் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவள் நான். நீயோ இரண்டாம் வருடக் குறிப்பில் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டு, அது திடப்பாறை, குழம்பு அல்ல என்று எழுதியிருக்கிறாய். என் முகத்துக்கு நேரே ஏன் சொல்லவில்லை?

பாடத்தில் இப்படி எழுதியிருக்கிறேன். மேற்பரப்பிலிருந்து பூமியின் மையத்துக்கு ஏறத்தாழ 6,371 கிலோமீட்டர். அதில் நாம் நடமாடும் மேலோடு கடலுக்கு அடியில் ஏழு கிலோமீட்டர் அளவும், நிலப்பகுதியில் சராசரியாக 35 கிலோமீட்டரும், இமயத்தின் அடியில் 70 கிலோமீட்டர் அளவும் கனமுள்ளது. அதற்குக் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருப்பதற்கு என்ன பெயர் வைப்பது? கவசம் என்று எழுதியிருக்கிறேன்; மூடகம் என்றும் ஒரு பழைய புத்தகத்தில் பார்த்தேன்; எது சரி என்று நீ சொல். அது திடம்தான், ஆனாலும் கோடிக்கணக்கான வருடக் கணக்கில் மெல்ல நகர்கிறது. இதைப் பிள்ளைகளுக்கு விளக்க மழைக்காலத்து வெல்லத்தைச் சொல்லியிருக்கிறேன். சுத்தியலால் அடித்தால் உடைகிற அதே கட்டி, மூலையில் வைத்து மறந்துவிட்டால் ஒரு மாதத்தில் தானாகச் சரிந்து பரவிக் கிடக்கும். சரியான உவமைதானா? அதற்கும் உள்ளே இரும்பும் நிக்கலும் கலந்த கரு. அதன் வெளிப்பகுதி மட்டுமே உருகிய நிலையில் இருக்கிறது, உட்பகுதி அழுத்தத்தால் இறுகிக் கெட்டியாகக் கிடக்கிறது.

இதையெல்லாம் யாரும் தோண்டிப் பார்த்து அறியவில்லை என்ற இடத்தைத்தான் பிள்ளைகள் அதிகம் விரும்பினார்கள். ரஷ்யர்கள் கோலாவில் வருடக் கணக்காகத் துளையிட்டும் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் போக முடிந்தது. உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுத்தது நிலநடுக்கமே. 1897-இல் அஸ்ஸாமில் நிகழ்ந்த பெரிய நடுக்கத்தை ஆராய்ந்த நிலவியலாளர் ஓல்டாம், அலைகள் பூமிக்குள் போய் வரும் நேரத்தை ஒப்பிட்டு, நடுவே வேறு விதமான ஒரு கரு இருக்கிறது என்று 1906-இல் எழுதினார். அந்தக் கருவுக்குள்ளும் கெட்டியான ஒன்று இருக்கிறது என்று 1936-இல் கண்டு சொன்னவர் டென்மார்க்கின் இங்கே லேமான், ஒரு பெண். குறுக்காக அசைந்து செல்லும் அலை திரவத்தைக் கடக்காது என்பதே வெளிக்கரு திரவம் என்று அறிந்ததற்கு அடிப்படை. மறுபக்கம் வந்து சேராத அலையைக் கொண்டு நடுவில் என்ன இருக்கிறது என்று கணிக்கிறார்கள். உன் கடிதம் வராத வைகாசி முதல் அம்மாவுக்கும் இதே வேலைதான் என்று உன் தங்கை சொன்னாள். அவள் வாயை அடக்கினேன்.

பூமியின் மேற்பகுதி பிரிந்து கிடக்கும் பெரிய பாளங்களான தட்டுகளைப் பற்றிய பகுதி எனக்கே பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டைச் சுமக்கும் இந்தியத் தட்டு தெற்கேயிருந்து கடலைக் கடந்து வந்து, சுமார் ஐந்து கோடி வருடங்களுக்கு முன் ஆசியாவோடு மோதத் தொடங்கியது. இன்னமும் வருடத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவு வடக்கே நெட்டிக்கொண்டிருக்கிறது. நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி இங்கே வந்தார்கள் என்கிறோம். அவர்கள் விட்டு வந்த நிலமும் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த நெட்டலின் ஒரு பங்கைத்தான் சகாயிங் பிளவு தாங்குகிறது. வடக்கே கச்சின் பக்கத்திலிருந்து தெற்கே அந்தமான் கடல் வரை 1,200 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள அந்தக் கோட்டுக்கு மேற்கே இருக்கும் நிலம் வடக்கு நோக்கி வருடத்துக்கு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர், அதாவது நகம் வளர்வதைவிட மெதுவாக, போக முயல்கிறது. பிளவின் இரு பக்கமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதால் நகர வேண்டியது நகராமல் சேர்ந்துகொண்டே வந்து, பிடி ஒரு நாள் விட்டுப் போகிறது.

28.3.2025 வெள்ளிக்கிழமை பகல் 12.50-க்கு அப்படி விட்டது. அளவு 7.7. மாந்தளைக்கும் சகாயிங்குக்கும் அருகில் தொடங்கி, நேப்பிடோவையும் தாண்டித் தெற்கே, 400 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குக் கிழிந்தது. 1934-இல் கட்டிய ஆவா பாலம் ஆற்றில் விழுந்தது. தாசி அருகே ஒரு சூரிய மின் நிலையத்தின் கேமராவில் பதிந்த படத்தை உன் தங்கை காட்டினாள்; வாசல் கதவுக்கு அப்பால் நிலம் முழுவதும் ஒரு சில வினாடிகளில் வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் எதிர்ப்பக்கம் வலது புறமாகவே போகும் என்று நீ எழுதியிருப்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். அந்தப் படத்தை நீ பார்த்தாயா? நீ பழைய பிள்ளையாக இருந்தால் பார்த்த அன்றைக்கே எழுதியிருப்பாய்.

அந்தக் கிழிசல் நம் ஊர் வரை வரவில்லை. நம் பகுதி கடைசியாக விட்டது 5.5.1930 அன்று, இரவு எட்டு மணிக்குச் சற்றுப் பின். நம் ஊர்ப் பெரிய புத்தத் தூபியான ஷ்வேமாடோ பயாவின் உச்சி சரிந்து விழுந்ததும், ஊரில் நூற்றுக்கணக்கானோர் இறந்ததும் அன்றுதான். அதற்கு முன் 1917 நடுக்கத்தில் விழுந்த துண்டு இன்றும் பயாவின் அடியில் கிடக்கிறது; அதன் மேல் ஏறி நின்று நீ படம் எடுத்துக்கொண்டு அப்பாவிடம் அடி வாங்கினாய். 95 வருடத்தை இரண்டு சென்டிமீட்டரால் பெருக்கினால் 1.9 மீட்டர் வருகிறது. நாள் நேரம் குறித்துச் சொல்ல யாராலும் முடியாது என்றும், அதற்காகச் சும்மா இருக்கக் கூடாது என்றும் பாடத்தின் முடிவில் சேர்த்திருக்கிறேன். நடுக்கம் தாங்குவதற்காக நீ பழுப்புத் தாளில் வரைந்து கொடுத்த, ஜன்னல் கதவுகளுக்குச் சற்று மேலே ஓடும் லிண்டல் மட்டக் கம்பிப் பட்டையை இந்த வைகாசியில் சமையலறைச் சுவர் சுற்றிலும் போட்டுவிட்டேன். பங்குனி நடுக்கத்தில் ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை சாய்வாக ஒரு விரிசல் வந்தது. நான்கு வருடத்துக்கு முன்னே நீ சொன்னபோது, சிமெண்டு விலை தெரியுமா என்று கேட்டவள் நான்தான்.

பாறைகளைப் பற்றி அதிகம் எழுதவில்லை. உருகியது உறைந்தால் தீப்பாறை, அதற்குப் போப்பா மலை. ஆறும் கடலும் கொண்டுவந்து படிய வைத்தால் படிவுப் பாறை, அதற்கு ஐராவதிக் கரையின் மணற்கல்லும் அதற்குள் கிடைக்கும் கல்லாகிப்போன மரமும். அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் மாறினால் உருமாறிய பாறை, அதற்கு மொகோக் பளிங்கும் அதில் விளையும் மாணிக்கமும். இதோடு முடித்துவிட்டேன். ஜேட் என்கிற பாகாண்ட் பச்சைக்கல்லும் உருமாறியதுதானே, அண்ணன் அங்கேதானே இருக்கிறார், அதைச் சொல்லுங்கள் என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.

நான் சொன்னது இது. ஒரு தட்டு மற்றொன்றின் கீழே இறங்கும் இடத்தில், அழுத்தம் மிக அதிகமாகவும் வெப்பம் ஒப்பீட்டில் குறைவாகவும் இருக்கும் ஆழத்தில், பாறைக்குள் ஊறும் நீர்மங்களிலிருந்து சோடியமும் அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்து அந்தக் கல் உண்டாகிறது. பிறகு நிலம் மேலெழுந்து, ஆறு அதை உருட்டிப் பரலாக்கிவிடுகிறது. ஆற்றுக் கல்லுக்கு மேலே பழுப்பாக ஒரு தோல் படிவதால் உள்ளே பச்சையா, வெறும் சாம்பலா, நடுவில் ஓடும் விரிசலா என்பது வெளியே தெரியாது. வாங்குகிறவர்கள் ஒரு சிறு சன்னல் வெட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் துணிந்து வாங்குகிறார்கள். வெளியே வழவழப்பாக இருந்த கல் அறுத்த பிறகு உதிர்ந்து போவதும் உண்டு என்று நீதான் எழுதியிருந்தாய்.

சித்திரையில் நீ அனுப்பிய படத்தை அடிக்கடி பார்க்கிறேன். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு நிற்கிறாய். இளைத்திருக்கிறாய். பின் தெருப் பையன் வைகாசியில் திரும்பி வந்தான், உனக்குத் தெரிந்திருக்கும். தினமும் காலையில் அவன் தாய் அவனை மருந்து கொடுக்கும் இடத்துக்கு அழைத்துப் போகிறாள். வீட்டுக்குத் தர மாட்டார்களாம், அங்கேயே அவர்கள் கண் முன்னே குடிக்க வேண்டுமாம். அவள் யாரையும் குறை சொல்வதில்லை. அவன் இப்போது சோறு சாப்பிடுகிறான். நான் போய்ப் பார்த்தேன், நன்றாகத்தான் பேசினான். நீ இரண்டு முறை கேட்ட பணத்தை எதற்கு என்று நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

சுரங்கக் கழிவு மண் மேட்டின் அடியில் நிற்காதே. மழைக்காலம் இது. கொஞ்சம் ஈரம் மண்ணைப் பிடித்து வைக்கும். ஈரம் அதிகமானால் மணிகளுக்கு இடையே நிறைந்த நீர் அவற்றைத் தள்ளிப் பிரித்து, மேடு முழுவதையும் குழம்பாக்கிவிடும். இதை நீதான் எனக்குச் சொன்னாய். 2.7.2020 அன்று அங்கே அப்படிச் சரிந்த மண் குழியில் தேங்கிய நீரில் விழுந்து, எழுந்த அலையில் 170 பேருக்கும் மேல் போனார்கள். அதற்கு முன் 2015 நவம்பரில் நூற்றுக்கும் மேல். பெரும்பாலோர் லாரி கொட்டிய மண்ணில் கல் தேடிப் பிழைக்க வந்த பிள்ளைகள். நீ படித்தவன், உனக்குத் தெரியும் என்று சொல்வாய். தெரிந்தவனும் அங்கேதானே நிற்கிறான். மேட்டின் அடியில் நிற்காதே.

அங்கே உன்னை அனுப்பியவள் நான். நீ ஒரு முறைகூட அதைச் சொல்லிக் காட்டவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். நீ படித்த நிலவியல் துறையிலேயே உதவிப் பயிற்றுநராக இருக்கச் சொல்லி உன்னைக் கேட்டார்கள். சம்பளம் குறைவு, ஆனால் மேலே படிக்கலாம் என்று முகம் மலர வந்து சொன்னாய். அப்பா படுக்கையில் இருந்த நேரம். வட்டிக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் உன்னைப் பார்த்து, "நாலு வருஷம் கல்லைப் படித்தவனுக்குக் கல்லை வைத்துக் காசு பண்ணத் தெரியாதா?" என்று கேட்டேன். நீ பதில் சொல்லாமல் குறிப்பேடுகளைத் தகரப் பெட்டியில் அடுக்கிப் பூட்டினாய். நீ அனுப்பிய பணத்தில்தான் அந்தக் கடன் அடைந்தது, அப்பாவுக்குக் கடைசி மருந்தும் வாங்கினோம். அதையே சொல்லிச் சொல்லி என் மனதை அடக்கி வைத்திருந்தேன். பெட்டியைத் திறந்தபோது எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது துறையின் அந்தக் கடிதம்.

நீ வெறுங்கையோடு வந்தாலும் வா. எப்படி இருந்தாலும் வா. எது எப்படியானாலும் பின் தெருவில் அவள் செய்வதை என்னாலும் செய்ய முடியும்.

உன் தங்கையை மோல்மேனிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை அவளே எழுதுவாள்.

பாடத்தை ஒரு பக்கமாகவே எழுதி, திருத்துவதற்கு வசதியாக இடது ஓரத்தில் மூன்று விரல் இடம் விட்டிருக்கிறேன். லாரிக்காரர் மொகாங்கில் இரண்டு நாள் தங்குவார். முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் கவசமா மூடகமா என்பதை மட்டும் ஓரத்தில் எழுதிக் கொடுத்தனுப்பு. உன் கையெழுத்து எனக்குப் போதும். பொட்டலத்தில் புளிச்சாதப் பொடியும், நான் தைத்த இரண்டு சட்டையும் இருக்கின்றன. இரண்டும் அரைக்கை. போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா