ஏரியில் ஒரு ராத்திரி: பெரியப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பா,

போன வாரம் திண்ணையில் உட்கார்ந்து கேட்டீர்களே, "ஏரியில போய் ஒரு ராத்திரி படுத்து எந்திரிக்கிறதுக்கா சிங்கப்பூர்ல லீவு போட்டே?" என்று. அந்த நேரம் பெரியம்மா காபியோடு வந்ததால் சிரித்து மழுப்பிவிட்டேன். பதிலை இங்கே எழுதிவிடுகிறேன். பேத்தி போனில் படித்துக் காட்டுவாள்.

முதலில் செலவைத்தான் கேட்பீர்கள். விமானம் நீங்கலாக, படகு, சாப்பாடு, படுக்கை, கூட வருகிற வழிகாட்டி எல்லாம் சேர்த்து, ஒரு மா நிலத்தில் குறுவை போட ஆகிற காசு. அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

இடம் தாய்லாந்தின் தெற்கே, காவ் சொக் மழைக்காடு. அங்கே சியாவ் லான் என்று ஓர் ஏரி. ஏரி என்றதும் நம் வடுவூர் ஏரியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது அணை. க்ளோங் சேங் என்கிற ஆற்றை மறித்து, மின்சாரத்துக்காகக் கட்டி 1987-ல் திறந்தார்கள். உயரம் 94 மீட்டர். பெயர் ரட்சபிரபா. சொல்லிப் பாருங்கள், நம் 'ராஜ்யப் பிரபை'தான் வாய் மாறிப் போயிருக்கிறது. தண்ணீர் பரப்பு 165 சதுர கிலோமீட்டர், மேட்டூரைவிடக் கொஞ்சம் பெரிசு.

படகில் ஒரு மணி நேரம். நீளக் கம்பியின் நுனியில் விசிறி சுற்றுகிற படகு, காது அடைத்துவிட்டது. இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறைகள் தண்ணீரிலிருந்து நெட்டுக்குத்தலாக எழுந்து நிற்கின்றன. தங்குவது தண்ணீர் மேலேயே. மன்னார்குடி ஹரித்ராநதியில் தெப்பம் மிதக்குமே, அது மாதிரி மூங்கில் தெப்பங்களை வரிசையாகக் கட்டி, மேலே ஒரு ஆள் குனிந்து நுழைகிற குடிசைகள். ராத்திரி ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்கள். கக்கூஸ் கடைசியில் இருக்கிறது. டார்ச் பிடித்துக்கொண்டு ஆடுகிற பலகையில் நடந்து போகவேண்டும். உங்கள் முட்டிக்கு ஆகாது.

சாப்பிட்டதும் மறுபடி படகு. எஞ்சினை அணைத்துவிட்டுக் கரையோரமாகத் துடுப்பு போட்டார் வழிகாட்டி. டார்ச் ஒளி போகிற பக்கம் கண்கள் மட்டும் தணல் மாதிரி மின்னும். ஒரு புனுகுப்பூனையைக் கிளையில் தெளிவாகப் பார்த்தோம். யானை பார்க்கவில்லை, லத்திதான் பார்த்தோம். ஊரில் யார் கேட்டாலும் யானை பார்த்தேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

விடியற்காலையில் பனிமூட்டம். பாறை எது வானம் எது என்று தெரியவில்லை. அப்போது கிப்பன் கத்த ஆரம்பித்தது, வாலில்லாத குரங்கு. மெதுவாக ஆரம்பித்து ஏறிக்கொண்டே போய்க் குலவையாக முடிகிறது. ஒன்று முடித்தால் எதிர்க்கரையில் இன்னொன்று. அப்புறம் தலைக்கு மேலே துருத்தி ஊதுகிற மாதிரி சத்தம். நிமிர்ந்தால் இருவாச்சி. பறவையின் சிறகுக்கு இவ்வளவு சத்தமா!

ஆனால் நான் எழுத வந்தது இதை இல்லை.

ஏரி நடுவே பட்டமரங்கள் நிற்கின்றன. கிளை இல்லை, பட்டை இல்லை, வெளுத்துப்போன குச்சிகள். அழகாக இருக்கிறதே என்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். வழிகாட்டி சாதாரணமாகச் சொன்னார்: "இதுக்குக் கீழேதான் எங்க பாட்டி வீடு." முந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களை அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து கிளப்பினார்கள். தண்ணீர் ஏற ஏற மலையுச்சிகள் தீவுகளாயின. விலங்குகள் அங்கே மாட்டிக்கொண்டன. 1986-ல் சூப் நாகசத்தியன் என்கிற வன அதிகாரி படகில் போய் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கரை சேர்த்தார். ஆயிரத்துக்கு மேல் காப்பாற்றினார்கள், அதில் பலவும் அப்புறம் பிழைக்கவில்லை. இதைக் கண்ணால் பார்த்த மனிதர், அடுத்து வரவிருந்த 'நாம் சோன்' என்கிற அணையை எதிர்த்து நின்றார். 1988-ல் அந்தத் திட்டத்தைக் கிடப்பில் போட்டார்கள். 1990 செப்டம்பரில் அவர் தன்னையே சுட்டுக்கொண்டார். இன்றைக்கும் அங்கே காட்டைப் பற்றிப் பேசினால் அவர் பெயர் வந்துவிடும்.

மிச்சமிருந்த தீவுகளை இருபத்தைந்து வருஷம் கழித்து ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் காட்டுக்கே உரிய சின்ன விலங்குகள் கிட்டத்தட்ட எல்லாமே போய்விட்டன. வெளியிலிருந்து வந்த ஓர் எலி மட்டும் பெருகிக் கிடந்ததாம். எலி என்றதும் உங்கள் எலிக்கிட்டிகள்தான் ஞாபகம் வந்தன.

எனக்கு அங்கே மேட்டூர் ஞாபகமும் வந்தது. தண்ணீர் இறங்கினால் பண்ணவாடி நந்தி சிலை வெளியே தெரியும், பேப்பரில் படம் போடுவார்கள். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, "நந்தி தலை தெரிஞ்சிடுச்சு, ஜூன் 12-க்குத் தொறக்க மாட்டான்" என்று பேப்பரை மடித்து வைப்பீர்கள். நமக்கு அந்த நந்தி ஓர் அளவுகோல், அவ்வளவுதான். அது அணையில் மூழ்கிப்போன ஒரு ஊர்க்காரர்கள் கும்பிட்ட நந்தி என்று எனக்கு இத்தனை வருஷமாகத் தோன்றியதே இல்லை. 1934-லிருந்து அந்த ஊர்கள் மேல் நிற்கிற தண்ணீர்தான் மூணாறு தலைப்பில் மூன்று ஆறாகப் பிரிந்து நம் வயலுக்கு வந்தது. வேறு நாட்டு ஏரியில் போய்ப் படுத்தால்தான் இது புரியும் என்றால், சரி, அந்தக் காசு அதற்குப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆற்று மதகில் லஸ்கராக முப்பது வருஷம் ஷட்டர் ஏற்றி இறக்கினீர்கள். தண்ணீர் கிளம்புகிற மேட்டூரை ஒருநாளும் பார்த்ததில்லை என்று நீங்களே சொன்னீர்கள். அடுத்த லீவு சித்திரையில் கிடைக்கும். தண்ணீர் இறங்கியிருந்தால் பண்ணவாடித் துறைக்குப் போய், பரிசலில் நந்தி பக்கத்தில் ஒரு சுற்று போய்விட்டு வரலாம். முட்டிக்கு ஒன்றும் ஆகாது, நான் பிடித்துக்கொள்கிறேன். பெரியம்மாவிடம் மட்டும் நீங்கள்தான் பேச வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்